வீடு மாறும்போது கையைக் கடிக்காமல் இருக்க: லோரிக்காரரிடம் முன்கூட்டியே பேச வேண்டியவை

சுங்கைப்பட்டாணி: நான்கு ஆண்டுகளுக்கு முன்பு என் பாட்டி பீடோங் வட்டாரத் தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, சுங்கைப்பட்டாணியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டுக்குக் குடிவந்தார். லோரிக்காரரிடம் மாமா கைப்பேசியில் பேசி முடித்த விலை 350 வெள்ளி. அன்று மாலை பாட்டியின் கைப்பையிலிருந்து எண்ணிக் கொடுத்தது 620 வெள்ளி.

கூடுதலாகப் போன 270 வெள்ளிக்கும் காரணம் சொல்லப்பட்டது. மாடி ஏற்றியதற்கு 90, இரண்டாவது ஆளுக்கு 80, அலமாரியைக் கழற்றிப் பூட்டியதற்கு 60, தோட்ட வாசலில் காத்திருந்ததற்கு 40. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயம் போலத்தான் இருந்தது. ஆனால், இவற்றில் எதையும் முதல் நாள் அவர்கள் சொல்லவில்லை; நாங்களும் கேட்கவில்லை. கட்டில், ஐஸ் பெட்டி, சாமி படங்கள் எல்லாம் லோரிக்குள் இருக்க, "பாக்கியைக் கொடுத்தால்தான் இறக்குவோம்" என்று சொன்ன பிறகு பேரம் பேச என்ன இருக்கிறது?

பொருள் லோரியில் ஏறும்வரை பேரம் நம் கையில். ஏறிய பிறகு அது லோரிக்காரர் கையில். வீடு மாற நினைக்கும் எவரும் மனத்தில் வைக்க வேண்டிய முதல் செய்தி இதுதான்.

தோட்ட லோரியும் பக்கத்து வீட்டுக் கைகளும்

தோட்டத்தை விட்டு இடம் மாறுவது கெடா தமிழர்களுக்குப் புதிதல்ல. 1950, 60களில் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பல குடும்பங்கள் மூட்டை கட்டின. அந்தத் துண்டாடலுக்கு மாற்றாகத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சங்கம் முதன்முதலில் வாங்கிய தோட்டமே கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம்தான். பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. பிள்ளைகள் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். பெற்றோரும் பின்னாலேயே நகரத்துக்கு வந்தார்கள்.

அந்தக் காலத்தில் தோட்ட லோரியோ டிராக்டரோ கிடைத்தது. பக்கத்து லயத்து இளைஞர்கள் வந்து தூக்கிவிட்டார்கள். மத்தியானச் சாப்பாடு போட்டால் போதும். இன்று அந்த இளைஞர்கள் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் இருக்கிறார்கள். காசு கொடுத்து லோரி பிடிக்க வேண்டியிருக்கிறது.

அந்தக் காசும் எளிதில் வந்ததல்ல. ஆட்குறைப்பில் வேலை இழந்தவருக்கு, ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்திருந்தால், ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் என்பதே 1980ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்லும் குறைந்த அளவு இழப்பீடு. தோட்ட வீட்டையும் காலி செய்ய வேண்டியவருக்கு அந்தப் பணத்திலிருந்து போகும் முதல் செலவு பெரும்பாலும் லோரிக் கூலிதான். அங்கே வீணாகும் 200, 300 வெள்ளி, புது வீட்டில் ஒரு மாத மளிகைச் செலவு.

எனவே லோரி பேசுமுன் தோட்ட அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். நிர்வாகமே உங்களை வேறு பிரிவுக்கோ வேறு தோட்டத்துக்கோ மாற்றுகிறது என்றால், லோரியை அவர்களே தருவார்களா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பதில் நட்டமில்லை.

லோரிக்கு விலையா, வேலைக்கு விலையா?

"பீடோங்கிலிருந்து சுங்கைப்பட்டாணிக்கு லோரி எவ்வளவு?" என்று கேட்டால், லோரிக்கு மட்டும்தான் விலை வரும். ஓட்டுநர், வண்டி, தூரம், அவ்வளவுதான். தூக்குவது, ஏற்றுவது, மாடிக்குக் கொண்டுபோவது, கழற்றுவது, பூட்டுவது எல்லாம் அதற்கு வெளியே நிற்கும். விலை குறைவாகத் தெரிவதன் இரகசியமும் இதுவே.

கேட்க வேண்டிய கேள்வி வேறு: "இந்த வீட்டில் உள்ள இந்தப் பொருள்களை எடுத்து, அந்த வீட்டின் மூன்றாம் மாடியில், அறைக்குள் வைத்துக் கொடுக்க மொத்தம் எவ்வளவு?" இதுதான் வேலைக்கான விலை.

பாட்டி மாறியபோது இன்னொருவரிடமும் விலை கேட்டிருந்தோம். "ஆள், மாடி, டோல் எல்லாம் சேர்த்து 520" என்றார் அவர். விலை அதிகம் என்று விட்டுவிட்டோம். கடைசியில் கொடுத்தது 620. மலிவு என்று நினைத்ததுதான் 100 வெள்ளி கூடுதலாக முடிந்தது. இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்பது நல்லது. ஆனால், எல்லாரிடமும் ஒரே பட்டியலைக் கொடுத்து, எல்லாம் சேர்ந்த விலையைக் கேட்டால்தான் அந்த ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டு.

கூடுதல் கட்டணம் எந்தெந்த வழியில் வருகிறது?

மாடிப்படி: மின்தூக்கி இல்லாத அடுக்குமாடிகளில் மாடிக்கு இவ்வளவு என்று தனியாகக் கேட்பார்கள். மின்தூக்கி இருந்தாலும் அலமாரியோ மெத்தையோ அதற்குள் நுழையாவிட்டால் படி வழியாகத்தான் போக வேண்டும். மின்தூக்கியின் கதவு அகலத்தை முதலில் அளந்துவிடுங்கள்.

நடை தூரம்: வீட்டு வாசல்வரை லோரி வர முடியாவிட்டால், தூக்கிச் செல்லும் தூரத்துக்கும் கட்டணம் உண்டு. வாசலில் கார்கள் நிறைந்த தாமான் சந்துகளில் இது அடிக்கடி நடக்கும். முதல் நாள் இரவே ஒரு லோரி நிற்கும் அளவுக்கு இடம் பிடித்து வையுங்கள். அண்டை வீட்டாரிடம் சொல்லி வைத்தால் அவர்களும் காரை நகர்த்தித் தருவார்கள்.

ஆள் கணக்கு: "ஓட்டுநருடன் சேர்த்து இரண்டு பேரா, ஓட்டுநரைத் தவிர இரண்டு பேரா?" இந்தக் கேள்வியை அப்படியே கேளுங்கள். பல ஓட்டுநர்கள் பொருளைத் தொட மாட்டார்கள். இரண்டு பேர் வருவார்கள் என்று நினைத்தால் ஒருவர்தான் தூக்குவார்.

காத்திருப்பு: வந்து நின்ற பிறகு பெட்டி கட்டத் தொடங்கினால் மணிக்கணக்கில் காசு ஏறும். எத்தனை மணி நேரம் விலைக்குள் அடக்கம், அதற்கு மேல் மணிக்கு எவ்வளவு என்று கேட்டு வையுங்கள்.

கழற்றிப் பூட்டுதல்: கட்டில், அலமாரி, துணி துவைக்கும் இயந்திரம், சுவரில் மாட்டிய தொலைக்காட்சி, மின்விசிறி, குளிரூட்டி ஆகியவை தனிக் கணக்கு. குளிரூட்டியைக் கழற்றுவது லோரிக்காரர் வேலையே அல்ல; அதற்குரிய ஆளை முன்பே அழைத்து முடித்துவிடுங்கள்.

கனமான பொருள்: ஆட்டுக்கல், அம்மி, பழைய தையல் இயந்திரம், தேக்கு அலமாரி, மண்ணோடு இருக்கும் பூச்சட்டி, மீன் தொட்டி. பட்டியலில் இவைதான் விட்டுப்போகும். அன்று இவைதான் சண்டையைக் கொண்டுவரும். கேஸ் தோம்பைப் பெரும்பாலோர் ஏற்ற மாட்டார்கள். ஏற்றச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது. அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புது வீட்டில் வாங்குவதே பாதுகாப்பு.

இரண்டாவது நடை: சிறிய லோரி வந்து, பொருள் கொள்ளாமல், மறுபடி ஒரு நடை போனால் அதற்கும் விலை. பெரும்பாலும் 1 டன் லோரியின் பெட்டி 10 அடி. 3 டன் லோரிக்கு 14 முதல் 17 அடி. எடையைவிட இடம்தான் முக்கியம். மெத்தையும் சோபாவும் எடை குறைவு, ஆனால் பெட்டியை அடைத்துவிடும்.

டோல்: இரண்டு அச்சு, நான்கு சக்கர லோரி கார்களைப் போலவே முதல் வகுப்பு. பின்னால் இரட்டைச் சக்கரத்துடன் ஆறு சக்கரம் இருந்தால் இரண்டாம் வகுப்பு. அதற்கு டோல் அதிகம். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையிலோ பட்டர்வொர்த்-கூலிம் விரைவுச்சாலையிலோ போகும் பயணமானால் டோல் விலைக்குள் அடக்கமா, லோரி வெறுமையாகத் திரும்பிப் போகும் டோலும் உங்கள் கணக்கா என்று கேளுங்கள்.

சேவை வரி: கடைசியில் "எஸ்.எஸ்.டி. சேர்க்க வேண்டும்" என்று ஒரு தொகையை ஏற்றினால், அந்த வரிக்குப் பதிவு செய்த வணிகத்துக்கு மட்டுமே அதை வசூலிக்கும் உரிமை உண்டு என்பதை நினைவில் வையுங்கள். பதிவு எண்ணுடன் கூடிய பற்றுச்சீட்டைக் கேளுங்கள்.

தோட்டத்திலிருந்து புறப்படுவோர் கவனத்துக்கு

தோட்டத்து வீடு, நகரத்து வீடு போல அல்ல. பல தோட்டங்களில் வாசலில் காவல் சாவடி உண்டு. வெளி லோரி உள்ளே வரவும், பொருளோடு வெளியே போகவும் அலுவலகத்தின் அனுமதி தேவைப்படலாம். அதை இரண்டு மூன்று நாள் முன்பே எழுத்தில் வாங்கி, லோரி எண்ணைக் காவலாளியிடம் கொடுத்து வையுங்கள். எங்களுக்கு 40 வெள்ளி போனது இதைச் செய்யாததால்தான்.

அடுத்தது பாதை. கெடாவில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அதிகம். செம்மண் சாலையில் சுமையோடு லோரி புதைந்தால் இழுத்துவிட டிராக்டர் தேட வேண்டும். அந்தச் செலவு யார் தலையில் என்ற பேச்சும் வரும். சாலையைப் படம் எடுத்து லோரிக்காரருக்குப் புலனத்தில் அனுப்புங்கள். தாழ்வான பாலம், குறுகிய வளைவு இருந்தால் அதையும் சொல்லுங்கள். மழை பெய்தால் நாளை மாற்றலாமா, மாற்றினால் முன்பணம் போய்விடுமா என்பதையும் அப்போதே பேசிவிடலாம்.

எதை விட்டுச் செல்வது என்பதும் செலவுக் கணக்குதான். தோட்டத்து வீட்டின் பின்கட்டில் சேர்ந்திருக்கும் பழைய தகரம், பலகை, உடைந்த மேசை எல்லாவற்றையும் ஏற்றினால் 1 டன் லோரி 3 டன்னாக மாறும். புது வீட்டில் வைக்க இடமும் இருக்காது. எடுத்துச் செல்லாததை முன்பே கொடுத்துவிடுங்கள் அல்லது பழைய இரும்புக்காரரிடம் போடுங்கள்.

அடுக்குமாடிக்குப் போவோர் கேட்க வேண்டியவை

அடுக்குமாடி, கொண்டோமினியங்களில் பல நிர்வாகங்கள் குடிபுகும் நாளை முன்கூட்டியே பதிவு செய்யச் சொல்கின்றன. சில இடங்களில் திருப்பித் தரக்கூடிய முன்வைப்புத் தொகை உண்டு. மின்தூக்கியை இத்தனை மணி முதல் இத்தனை மணி வரைதான் பயன்படுத்தலாம் என்ற விதியும் இருக்கும். தெரியாமல் போனால் லோரி கீழே நிற்கும், காத்திருப்புக் கட்டணம் ஏறும்.

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதை, பினாங்கிலிருந்தோ பேராக்கிலிருந்தோ வரும் லோரிக்காரர்கள் சில வேளை மறந்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை நிர்வாக அலுவலகம் பூட்டியிருந்தால் சாவியோ மின்தூக்கி அனுமதியோ கிடைக்காது. வெள்ளிக்கிழமையே மாறுவதென்றால், ஓட்டுநரும் ஆட்களும் மத்தியானத் தொழுகைக்குப் போகும் நேரத்தை விட்டு, காலையிலேயே வேலை முடியும்படி திட்டமிடுங்கள். அந்த இடைவேளைக்குக் காத்திருப்புக் கட்டணம் இல்லை என்பதையும் பேசி வையுங்கள்.

லங்காவிக்கோ அங்கிருந்தோ மாறுவோருக்கு இன்னொரு கணக்கு உண்டு. லோரி கோல பெர்லிஸ் வழியாகப் படகில் ஏற வேண்டும். படகுக் கட்டணம், படகுக்குக் காத்திருக்கும் நேரம், ஓட்டுநர் இரவு தங்க நேர்ந்தால் அதன் செலவு ஆகிய மூன்றையும் விலைக்குள் சேர்க்கச் சொல்லுங்கள். லங்காவி வரியற்ற தீவு என்பதால் அங்கே வாங்கிய புதுப் பொருள்களின் பற்றுச்சீட்டைக் கையில் வைத்திருப்பது நல்லது.

நல்ல நாளும் லோரி நாளும்

ஆடி மாதத்தில் நம்மவர்கள் பெரும்பாலும் வீடு மாறுவதில்லை. ஆவணி பிறந்ததும் எல்லாரும் ஒரே நல்ல நாளைத் தேடுகிறார்கள். தை மாதத்திலும் அப்படித்தான். ஒரே நாளுக்குப் பலர் அழைத்தால் லோரி விலை ஏறத்தான் செய்யும். மாதக் கடைசியும் பள்ளி விடுமுறையும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

பால் காய்ச்சும் நாளும் பொருள் ஏற்றும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நல்ல நாளில், நல்ல நேரத்தில் சாமி படம், விளக்கு, அரிசி, உப்பு, மஞ்சள் ஆகியவற்றோடு காரில் போய்ப் பால் காய்ச்சிவிட்டு வாருங்கள். கட்டிலையும் அலமாரியையும் அடுத்த வாரம் ஒரு சாதாரண திங்கட்கிழமையோ செவ்வாய்க்கிழமையோ ஏற்றலாம். லோரியும் எளிதாகக் கிடைக்கும். பேரம் பேசவும் இடம் இருக்கும். ராகு காலம் முடியட்டும் என்று வாசலில் லோரியை ஒன்றரை மணி நேரம் நிறுத்திவைத்துக் காசு கொடுக்கும் நிலையும் வராது.

யாரிடம் விலை பேசுகிறோம்?

முகநூலிலும் தெருவோர விளக்குக் கம்பத்திலும் "லோரி சேவா" விளம்பரங்கள் நிறைய உண்டு. நல்லவர்களும் அதில் இருக்கிறார்கள். ஆனால், விளம்பரத்தில் பேசுபவர் ஒருவர், லோரி கொண்டுவருபவர் வேறொருவர் என்ற நிலை இப்போது அதிகம். இடையில் இருப்பவர் ஒரு விலை சொல்வார். வந்து நிற்கும் ஓட்டுநருக்கு அது தெரியாது. "லோரி உங்களுடையதா, வேறு ஆளை அனுப்புவீர்களா?" என்று முதலிலேயே கேளுங்கள்.

வணிகப் பதிவு எண்ணைக் கேட்டு, மலேசிய நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம். தளத்தில் தேடிப் பாருங்கள். பிறர் பொருளைக் கூலிக்கு ஏற்றும் லோரிக்கு 'ஏ' வகை லெசென் பெம்பாவா உரிமம் உண்டு. 'சி' வகை, சொந்த நிறுவனத்தின் சரக்கை ஏற்றுவதற்கானது. கடைச் சரக்கு லோரியை ஓய்வு நாளில் வாடகைக்கு ஓட்டுபவர் மலிவாகத் தருவார். வழியில் அதிகாரிகள் நிறுத்தினால் உங்கள் பொருளும் அங்கேயே நிற்கும்.

லோரியின் கதவைப் பாருங்கள். நிறுவனத்தின் பெயரோடு இரண்டு எடைகள் எழுதியிருக்கும். பெராட் டெங்கான் முவாத்தான் என்பது சுமையோடு சேர்ந்த எடை. பெராட் தன்பா முவாத்தான் என்பது வெறும் லோரியின் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த லோரி ஏற்றக்கூடிய சுமை. "எல்லாவற்றையும் ஒரே நடையில் ஏற்றிவிடலாம்" என்று ஒருவர் சொல்வது நடக்குமா என்பதை அதிலிருந்து ஓரளவு கணிக்கலாம். பொருளோடு பொருளாகப் பின்னால் ஏறி உட்கார்ந்து போகும் பழைய பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். உயிருக்கும் ஆபத்து, சட்டத்துக்கும் விரோதம்.

முன்பணம் கேட்டால் சிறு தொகை மட்டும் கொடுங்கள். முழுப் பணத்தையும் முன்பே கேட்பவரிடம் போகாதீர்கள். டூயிட்நவ் வழி செலுத்தும்போது திரையில் வரும் பெயர், உங்களிடம் பேசிய நிறுவனத்தின் பெயர்தானா என்று பாருங்கள். காவல் துறையின் செமாக் மியூல் தளத்தில் அந்த வங்கிக் கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் போட்டுப் பார்க்கலாம். பணத்தை வாங்கிக்கொண்டு ஆள் மறைந்துவிட்டால் தாமதிக்காமல் உங்கள் வங்கியையோ தேசிய மோசடி பதில் நடவடிக்கை மையத்தின் 997 எண்ணையோ அழையுங்கள்.

காப்புறுதி பற்றியும் ஒரு கேள்வி. லோரிக்கான சாலைக் காப்புறுதி, உள்ளே இருக்கும் உங்கள் ஐஸ் பெட்டிக்குப் பொதுவாகப் பொருந்தாது. பொருளுக்குத் தனிக் காப்புறுதி இருக்கிறதா, உடைந்தால் என்ன தருவார்கள் என்று கேட்டு வையுங்கள்.

பேச்சை எழுத்தாக்குங்கள்

தொலைபேசியில் பேசியதற்குச் சாட்சி இல்லை. பேசி முடித்த அன்றே புலனத்தில் ஒரு செய்தி அனுப்பி, "ஒப்புக்கொள்கிறேன்" என்ற பதிலை வாங்கிவிடுங்கள். எல்லா அறைகளையும் ஒரு காணொளியாக எடுத்து அதனுடன் அனுப்புங்கள். "இவ்வளவு பொருள் இருக்கும் என்று தெரியாது" என்ற பேச்சுக்கு அதுவே பதில். செய்தி இப்படி இருக்கலாம். தேவையென்றால் பிள்ளைகளிடம் சொல்லி மலாயில் எழுதி அனுப்புங்கள்:

"வரும் 14ஆம் தேதி காலை 8.30 மணி. பீடோங் தோட்டத்து வீட்டிலிருந்து சுங்கைப்பட்டாணி அடுக்குமாடி, மூன்றாம் மாடி, மின்தூக்கி இல்லை. பொருள்கள்: கட்டில் 2, மெத்தை 2, மூன்று கதவு அலமாரி 1, ஐஸ் பெட்டி 1, துணி துவைக்கும் இயந்திரம் 1, சோபா 1, மேசை 1, நாற்காலி 6, ஆட்டுக்கல் 1, பெட்டிகள் 25. லோரி 3 டன். ஓட்டுநரைத் தவிர 2 பேர். கட்டிலும் அலமாரியும் கழற்றிப் பூட்ட வேண்டும். டோல், எண்ணெய், மாடி, ஆள், 5 மணி நேரம் எல்லாம் சேர்த்து மொத்தம் இவ்வளவு வெள்ளி. அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு. முன்பணம் இவ்வளவு; மீதி, எல்லாப் பொருளும் அறையில் வைத்த பிறகு. வேறு கட்டணம் இல்லை. ஒப்புக்கொண்டால் பதில் எழுதவும்."

அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் மாறுவோருக்கு, விலை மதிப்பீடு மாறக்கூடியது என்று எழுதப்பட்டிருந்தாலும், அதன் 110 விழுக்காட்டைச் செலுத்தினால் பொருளை இறக்கித் தந்தாக வேண்டும் என்ற விதி உண்டு. மீதிக்குப் பிறகுதான் கணக்கு அனுப்பலாம். பொருளைப் பணயமாக வைத்துப் பணம் கேட்பது எல்லா ஊரிலும் நடப்பதால் வந்த விதி அது. நம் ஊரில் அந்தப் பாதுகாப்பை நமக்கு நாமே அமைத்துக்கொள்ள உதவுவது இந்த எழுத்துதான்.

மாறும் நாளில்

லோரி வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் பெட்டியில் கட்டி, பெட்டிக்கு எண் போட்டு வையுங்கள். ஐஸ் பெட்டியை முதல் நாளே காலி செய்து நீரை வடித்துவிடுங்கள். நகை, ரொக்கம், அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், ஊழியர் சேமநிதிக் கடிதங்கள் லோரியில் ஏறக்கூடாது, கைப்பையில் வாருங்கள்.

முதல் பொருளை ஏற்றுவதற்கு முன், வந்திருக்கும் ஓட்டுநரிடமே புலனச் செய்தியைக் காட்டி, "அண்ணே, இந்த விலைதானே? வேறு ஏதாவது கட்டணம் உண்டா?" என்று கேளுங்கள். மலாய்க்கார ஓட்டுநரானால் "பாங், ஹர்கா இனி சாஜா, யா?" என்று கேளுங்கள். அவர் தலையசைத்த பிறகு ஏற்றச் சொல்லுங்கள். அவருக்குத் தெரியாது என்றால், ஏற்றுவதற்கு முன்பே நிறுவனத்தை அழைத்துத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலைதான். ஏற்கெனவே கீறல் உள்ள பொருளையும் நல்ல நிலையில் உள்ள பொருளையும் படம் எடுத்து வைத்தால், பின்னால் சேதக் கணக்கு பேச உதவும்.

மீறிக் கேட்டால் என்ன செய்யலாம்?

பேசிய விலை பேசிய விலைதான். நீங்கள் ஒப்புக்கொள்ளாத கூடுதலை, வேலை முடிந்த பிறகு ஒருதலையாக ஏற்ற முடியாது. விலையே பேசாமல் வேலை செய்திருந்தாலும் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவு துணை நிற்கிறது: அந்தச் சேவைக்கு நியாயமான விலைக்கு மேல் பயனீட்டாளர் கொடுக்க வேண்டியதில்லை. தகுந்த கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். "எது உடைந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல" என்று பற்றுச்சீட்டின் அடியில் சிறு எழுத்தில் அச்சிட்டிருந்தால், அதையே முடிவாக எண்ணிச் சோர வேண்டாம். நியாயமற்ற ஒப்பந்த வரிகளைக் கேள்வி கேட்க அச்சட்டம் இடம் தருகிறது.

சட்டம் ஒருபுறம் இருக்க, இருட்டும் நேரத்தில் லோரி கதவு மூடியிருந்தால் என்ன செய்வது? முதலில், கூடுதல் எதற்கு என்று வரி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னவுடன் தொகை குறைவதுண்டு. குறையாவிட்டால், பொருளை மீட்க வேறு வழியில்லை என்றால் பணத்தைக் கொடுங்கள். ஆனால் ரொக்கமாக அல்ல, வங்கி வழியாக. "ஒப்புக்கொண்டு கொடுக்கவில்லை, பொருளை இறக்குவதற்காக மட்டும் கொடுக்கிறேன்" என்று புலனத்தில் உடனே எழுதிவிடுங்கள். மலாயில் "பாயார் டெங்கான் பந்தாஹான்" என்றால் போதும். பொருளோடு லோரி கிளம்பிப் போய்விட்டால், லோரி எண்ணோடு காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள். கைகலப்புக்கு மட்டும் போகாதீர்கள்.

பிறகு பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை, பொதுவாக வழக்கறிஞர் வாதாட அனுமதியும் இல்லை. சம்பவம் நடந்த மூன்று ஆண்டுகளுக்குள் முதல் பாரத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். இணையத்திலோ உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் அலுவலகத்திலோ செய்யலாம். மன்றம் அளித்த தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாமல் விடுவது குற்றம். அமைச்சிடம் புகார் செய்ய 1-800-886-800 என்ற எண்ணும் உண்டு.

தமிழில் பேசி விளக்கம் பெற விரும்புவோர் 1969 முதல் இயங்கிவரும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். தோட்டப்புறத் தமிழர்களின் குறைகளைப் பல காலமாகக் கேட்டு வரும் அமைப்பு அது. எங்கே போனாலும் கையில் இருக்க வேண்டியவை நான்கு: புலனச் செய்தி, பணம் செலுத்திய ஆதாரம், லோரி எண், படங்கள்.

எங்கள் பாட்டி அந்த 270 வெள்ளிக்காக எங்கும் போகவில்லை. அப்போது எங்களிடம் எழுத்தில் ஒன்றும் இல்லை. ஆனால், சென்ற ஆண்டு அத்தை பாடாங் செராயிலிருந்து கூலிமுக்கு மாறியபோது, பட்டியல் எழுதும் வேலையைப் பாட்டியே எடுத்துக்கொண்டார். நான் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்க, அவர் ஒவ்வொரு அறையாக நடந்து சொல்லிக்கொண்டே வந்தார். "ஆட்டுக்கல்லை முதல்ல போடும்மா. மாடி எத்தனைன்னும் எழுது. அப்புறம் சொல்லலைன்னு சொல்லக்கூடாது." பேசிய விலை 480 வெள்ளி. அன்று மாலை கொடுத்ததும் 480 வெள்ளிதான்.